பௌசரில் மூன்று சீட்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. விசாரணைக் காகிதத்தில் ஒரே ஒரு தடவை அவர் பெயர் வந்தது, அதையும் பிழையாக எழுதியிருந்தார்கள். என் பங்குக்கு நானும் இன்னொரு காகிதத்தில் அவரை ஏற்ற வேண்டாம் என்று பார்க்கிறேன்.

எங்கள் தீயணைப்புப் பிரிவில் அவருக்கு ‘சீட் ஐயா’ என்று பட்டப்பெயர். சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற ஐயா அது. மரியாதைக்காக வைத்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புதிதாக எந்த வாகனம் எங்கள் முற்றத்துக்கு வந்தாலும் மற்றவர்கள் பெயின்டைத் தடவிப் பார்ப்பார்கள், சைரனை அழுத்திப் பார்ப்பார்கள். அவர் கதவைத் திறந்து உள்ளே ஏறி, சீட்டை எண்ணுவார்.

வெளிநாட்டிலிருந்து பெரிய வண்டி நன்கொடையாக வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எல்லாருக்கும் வாழை இலையில் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் பின்கதவால் ஏறி முன்கதவால் இறங்கி வந்தார். பொறுப்பதிகாரி பக்கத்தில் நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

“முன்னால ரெண்டு, பின்னால நாலு. ஆறு. பழைய வண்டியில ஏழு பேரு போனோம். ஒரு ஆளு கொறஞ்சு போச்சு” என்றார் என்னிடம். பிறகு அதையே சிங்களத்திலும் உரக்கச் சொன்னார். பாற்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. நான் அவருக்குத் தெரியாத ஆள் மாதிரி இலையோடு நாலடி தள்ளிப் போய் நின்றேன்.

அவருடைய கணக்கு முழுவதும் சீட்டில்தான் இருந்தது. பெரிய வண்டியில் ஆறு. பழைய வண்டியில் முன்னால் மூன்று, பின்பெஞ்சில் நாலு. ஜீப்பில் நாலு, ஆனால் பம்ப்பை ஏற்றிவிட்டால் இரண்டு. தண்ணீர் பௌசரில் மூன்று. “சீட் எவ்வளவோ, நெருப்புகிட்ட போற ஆளு அவ்வளவுதான்” என்பார். “பௌசர்ல மூணு பேரு போறோம். ட்ரைவர் பம்ப்ப விட்டு நகர ஏலாது. பொறுப்பு சேர் சத்தம் போடணும். மிச்சம் யாரு? கொழாய் பிடிக்க ஒரே ஒரு ஆளு.”

இதில் அவருக்கு ஒரு வேதனை இருந்தது. தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களுக்குப் போகிற பாதைகளில் பெரிய வண்டி ஏறாது. பௌசர்தான் ஏறும். தோட்டத்து மேனேஜர் தொரையின் பங்களாவுக்குத் தார் ரோடு. அங்கே நெருப்பு என்றால் பெரிய வண்டி போகும், ஆறு பேர் போவார்கள். பத்துக் குடும்பம் இருக்கிற பத்துக் காம்பரா லயம் எரிந்தால் மூன்று பேர். “நாட்டுல எத்தனையோ அநியாயம் இருக்கு. இத யாரும் அநியாயம்னு சொல்ல மாட்டாங்க. சீட் இல்ல, அவ்வளவுதான்னு சொல்லுவாங்க” என்று ஒருநாள் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு உடனே எரிச்சல் வந்தது. ஏன் வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

அந்த மூன்றிலும் ஒன்று போய்விடும். தோட்டத்துப் பாதைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நெருப்பு என்று தோட்டத்திலிருந்து போன் வந்தால், சந்தியில் வழிகாட்ட ஒரு ஆளை நிறுத்துவார்கள். அவர் எங்கே உட்காருவார்? மூன்றாவது சீட்டில். அங்கே இருந்த தீயணைப்பு வீரர் சந்தியில் இறங்கிக்கொள்வார். இப்படி வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, குழாய் பிடிக்க ஆளில்லாமல் போய் நின்ற நெருப்புகள் உண்டு.

ஏறி நிற்க பௌசரின் பின்னால் ஒரு இரும்புப் படி இருக்கிறது. நிரந்தரமில்லாத கெசுவல் ஆட்கள் அதில் தொங்கிக்கொண்டு போவதும் உண்டு. இவரும் கெசுவல்தான், பதினாலு வருஷமாகக் கெசுவல். சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணாததால் நிரந்தரம் ஆக்கவில்லை என்றார்கள். ஆனால் படியில் அவர் கால் வைக்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவரும் இன்னொரு கெசுவலும் படியில் போயிருக்கிறார்கள். ஒரு வளைவில் மற்றவர் கை நழுவி விழுந்து முதுகெலும்பு போனது. அன்றிலிருந்து, “அது சீட் இல்ல. படி” என்பது அவர் வாயில் தேய்ந்துபோன பேச்சு. சீட் இருந்தால் போவார், இல்லாவிட்டால் முற்றத்தில் நின்றுவிடுவார். நெருப்புக்குப் பயந்தவர் என்று பின்னால் பேசினார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். சித்திதான் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தாள். பிறகு டவுனில் மாமா கடையில் தங்கிப் படித்தேன். வேலைக்கு மனுப் போட்டபோது மாமா கடை விலாசத்தைக் கொடுத்தேன். சேர்ந்த ஒரு வருஷத்தில் நிரந்தரமானேன். என்னைக் கடைக்காரர் வீட்டுப் பையன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். அதனால்தான் லயத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. பிரிவில் தமிழர் நாங்கள் இரண்டு பேர். அவர் என்னோடு தமிழில் பேசுவார், எல்லார் முன்னாலும், “தம்பி” என்று. நான் சிங்களத்தில் பதில் சொல்வேன். அவர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

அவரிடம் ஒரு மூங்கில் கம்பு இருந்தது. பௌசரின் அகலத்துக்கு, கண்ணாடி உட்பட அளந்து வெட்டியது. லீவு நாளில் அந்தக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடப்பார். மதகு, வளைவு, பாலம், இரண்டு மரத்துக்கு இடையிலான சந்து என்று எங்கே வண்டி இறுகும் என்று தோன்றுகிறதோ, அங்கே கம்பைக் குறுக்கே பிடித்துப் பார்ப்பார். வழியெல்லாம் தனக்குத் தெரிந்துவிட்டால் வழிகாட்டி வேண்டாம், மூன்றாவது சீட் மிச்சம். இதுதான் அவர் திட்டம். யாரும் சொல்லவில்லை, இதற்காக யாரும் அவருக்கு ஒரு டீகூட வாங்கிக் கொடுத்ததில்லை.

ஒருநாள் பெல்மதுளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வாச்சரும் இரண்டு பொடியன்களும் அவரைப் பிடித்துவிட்டார்கள். மாணிக்கக் குழி தோண்ட இடம் அளக்கிறான் என்று சந்தேகம். மாணிக்கம் தோண்டுகிற எங்கள் பக்கத்தில் கம்போடு நடந்தால் வேறென்ன நினைப்பார்கள். தோட்டத்து ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இவர் கம்பை ஆபீஸ் வாசலுக்குக் குறுக்கே பிடித்து சின்னத் தொரைக்கு விளக்கியிருக்கிறார். சின்னத் தொரை சிரித்துவிட்டு, “நெருப்பு வந்தா சந்தியில ஆள் நிப்பாட்டுவோம், நீ ஏன் கஷ்டப்படுற” என்றாராம்.

“அந்த ஆளு எங்க ஒக்காருவாருங்க சேர்?” என்று இவர் கேட்டாராம்.

சின்னத் தொரைக்கு அந்தக் கேள்வி விளங்கவேயில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு, ஆனால் எழுத வராது. பிரிவில் எல்லாம் சிங்களத்தில்தான் எழுத வேண்டும். அதனால் ஒருநாள் கொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “நா சொல்றேன், நீ எழுது தம்பி. நா இல்லாத நாளும் ட்ரைவருக்கு வழி தெரியணும்ல” என்றார். நாலு தோட்டம் எழுதினோம். எந்த வளைவில் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும், எந்தப் பாலத்தில் தண்ணீரோடு ஏறக் கூடாது, எல்லாம் அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஐந்தாவதாக ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அது என்னுடைய தோட்டம். அறையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். “நாளைக்கு எழுதுவோம்” என்று சிங்களத்தில் சொல்லிக் கொப்பியை மூடினேன். அந்த நாளை வரவேயில்லை.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்: “ஒங்க சித்தியப் பாத்தேன் தம்பி. லயத்துல கடைசி, தொங்கல் காம்பராதானே? சாயத்தண்ணி குடுத்தாங்க. நீ இங்க வேல செய்றன்னு ஒரே சந்தோசம்.”

“மெஹெ கியன்ன எப்பா” என்றேன். இங்கே சொல்ல வேண்டாம் என்று. அதையும் சிங்களத்தில்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

சித்தி அடுத்த மாதமே கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். படுத்த படுக்கையானாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு மலைக்குப் போவார்கள், பகலில் வந்து பார்ப்பார்கள். நான் மாதத்துக்கு ஒருமுறை போனேன். யாராவது கண்டுவிடுவார்களோ என்று பொழுது சாய்ந்த பிறகுதான் போவேன்.

போன் வந்தது காலை பத்து மணி வாக்கில். எங்கள் தோட்டம், எங்கள் லயம். கரண்ட் வயர் கசிந்து ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு கூரைச் சலாகை மரங்கள் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. டவுனிலிருந்து ஐந்து கிலோமீட்டர். பௌசர்தான் போக வேண்டும். ட்ரைவர் ஏறிவிட்டார், பொறுப்பதிகாரி ஏறிவிட்டார். மூன்றாவது சீட்டில் நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, எறங்கு. எனக்கு வழி தெரியும்.”

நான் பொறுப்பதிகாரியைப் பார்த்து, அது நான் பிறந்த தோட்டம், என் சித்தி அங்கே எழும்ப முடியாமல் கிடக்கிறாள், வழி எனக்குத் தெரியும், சந்தியில் ஆளை ஏற்ற வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னேன். மூன்று வருஷம் மறைத்து வைத்ததை அந்த சீட்டுக்காக ஒரே மூச்சில் அவிழ்த்துப் போட்டேன்.

“அதுக்குத்தான் சொல்றேன் தம்பி. அவங்களுக்காகத்தான் சொல்றேன். எறங்கு” என்றார்.

பொறுப்பதிகாரி அவசரப்பட்டார். நிரந்தர ஆள் இருக்கும்போது கெசுவல் எதற்கு, கதவை அடை என்றார். நான் அடைத்தேன். எஞ்சின் உறுமியது. அப்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் பின்னால் போய் இரும்புப் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தார். அந்த வளைவுக்குப் பிறகு ஒருநாளும் வைக்காத கால். என் சித்திக்காக வைத்த கால்.

நான் தலையை வெளியே நீட்டினேன். அவரோடு பிரிவில் எல்லார் முன்னாலும் நான் பேசிய முதல் தமிழ் அதுதான்.

“அது சீட் இல்ல, படின்னு நீங்கதானண்ணே சொன்னீங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் விழுந்துவிடுவார் என்ற கவலையில் சொன்னேன் என்று என்னையே நம்ப வைக்கவும் முயன்றேன். அது பொய். அவர் வந்தால் வழி சொல்வது அவராகிவிடும், என் சித்தியைக் காப்பாற்றியது அவராகிவிடும், நான் வெறுமனே சீட்டில் உட்கார்ந்து போனவனாகிவிடுவேன். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு கேவலமான புத்தி எனக்கு அந்த நேரத்தில் வந்தது.

அவர் காலை எடுத்துவிட்டார். வண்டி கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவர் கத்தியது எனக்குக் கேட்டது. “ஸ்டோர் ரோட்டால போங்க. முன்ரோட்டால போகாதீங்க.” தேயிலை ஸ்டோரைச் சுற்றிப் போகும் பாதை இரண்டு கிலோமீட்டர் கூட. எனக்குத் தெரியாத வழியா? ட்ரைவரிடம் முன்ரோட்டைக் காட்டினேன்.

முன்ரோட்டில், கோயிலைத் தாண்டி, பழைய கேட்டின் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. நான் பள்ளிக்கூடத்துக்கு ஆயிரம் தடவை அதற்குள்ளால் நடந்திருக்கிறேன். இரண்டு கையையும் விரித்துத் தொட்டுப் பார்க்க முயன்று எட்டாமல் போனது ஞாபகம் இருக்கிறது. என் மனதில் அது அவ்வளவு அகலமான வாசல். டிராக்டர் போய் வருவதையும் பார்த்திருக்கிறேன். பௌசர் அதன் முன்னால் போய் நின்றபோது வண்டியைவிட வாசல் இரண்டு பக்கமும் ஒரு கையளவு குறைவாக இருந்தது. ட்ரைவர் என்னைப் பார்த்தார். தூண்களுக்கு மேலே, தேயிலைக்கு அந்தப் பக்கம், கறுப்புப் புகை.

எங்களிடம் இருந்த குழாய் அத்தனையும் பூட்டினாலும் பாதித் தூரத்துக்கு எட்டாது. திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தண்ணீர்க் கான். கோயில் வரைக்கும் பின்னாலேயே எடுக்க வேண்டும். “நீ இறங்கிப் பின்னால் காட்டு” என்றார் பொறுப்பதிகாரி. நான் இறங்கிப் பௌசருக்குப் பின்னால் நின்று கையைக் காட்டிக் காட்டி, “என்ன, என்ன” என்று சிங்களத்தில் வரச் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். சித்தியின் லயம் எரிகிற புகையைப் பார்த்துக்கொண்டே அதிலிருந்து ஒவ்வொரு அடியாக விலகி நடந்தேன்.

ஸ்டோர் ரோட்டால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லயத்தில் பாதிதான் நின்றது. அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். டவுனில் ஒரு த்ரீவீல் ஆட்டோவை மறித்து ஏறி, சரியான வழியால் வந்திருக்கிறார். வழி தெரிந்தவரிடம் தண்ணீர் இல்லை. தண்ணீர் வைத்திருந்த எங்களுக்கு வழி தெரியவில்லை. மலையிலிருந்து ஓடிவந்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நடுக் காம்பராவின் கூரைத் தகரத்தைப் பிரித்துப் போட்டு நெருப்பைத் துண்டித்திருக்கிறார். அதனால்தான் மற்றப் பாதி மிஞ்சியது. தொங்கல் காம்பரா எரிந்த பக்கத்தில் இருந்தது. ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் சித்தியைத் தூக்கி வந்து பலா மரத்தடியில் கிடத்தியிருந்தார். அவர் இரண்டு கையிலும் தோல் வழன்று தொங்கியது. சித்திக்கு என்னை அடையாளம் தெரிந்தது. யூனிபோமைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

ஒரு பத்து நிமிஷம் முன்னால் தண்ணீர் வந்திருந்தால் அந்தப் பக்கமும் நின்றிருக்கும் என்று லயத்து ஆட்கள் சொன்னார்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நிற்பது தெரியாமல் சொன்னார்கள்.

விசாரணை வைத்தார்கள். நீளமான மேசை, மூன்று பேர், நிறையக் காகிதம். பாதை தெரியாததால் தாமதம் என்று பொறுப்பதிகாரி சொன்னார். பாதை ஒடுக்கம் என்று நான் சொன்னேன். இரண்டும் உண்மைதான், அதுதான் அசிங்கம். அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு கையிலும் கட்டோடு வந்து நின்றார். சிங்களத்தில் கேட்டார்கள், அவரும் சிங்களத்தில் சொன்னார்.

“நீ பௌசரில் ஏறப் பார்த்தாயா?”

“இல்லை சேர்.”

“பின்னால் படி இருந்ததுதானே? ஏன் ஏறவில்லை?”

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. “அது சீட் இல்லைதானே சேர்” என்றார்.

எழுதிக்கொண்டார்கள். வாகனத்தில் ஆசனம் மூன்று, சென்றவர்கள் மூவர், ஆளணியில் குறைபாடு இல்லை என்று அறிக்கை வந்தது. ஒரே ஒரு குற்றம் கண்டுபிடித்தார்கள். கெசுவல் ஊழியர் ஒருவர் அனுமதியில்லாமல் கடமை இடத்தை விட்டு த்ரீவீலில் போயிருக்கிறார். அடுத்த மாதம் அவரை நிறுத்திவிட்டார்கள். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கம்பை யாரோ முற்றத்தில் இரண்டு ஆணிக்கு நடுவே கட்டினார்கள். இப்போது அதில்தான் நாங்கள் ஈர யூனிபோம் காயப்போடுகிறோம்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குப் பதவி உயர்வு வந்தது. மனம் கேட்காமல் அவரைத் தேடிக்கொண்டு போனேன். கரவனெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டைப் புகை போடுகிற கூடத்துக்கு விறகு போடும் வேலையில் இருந்தார். விரல்கள் மடங்காமல் விறைத்துப்போயிருந்தன. இரண்டு மணிக்கட்டாலும் விறகை அணைத்துத் தூக்கினார். பிஸ்கட்டும் பழமும் வாங்கிப் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன்.

என்னைக் கண்டதும் எழுந்து தன் ஸ்டூலைத் துண்டால் துடைத்தார். அங்கே இருந்தது அந்த ஒரு ஸ்டூல்தான்.

“ஒக்காருங்க சேர்” என்றார்.

தம்பி என்று கூப்பிடுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, “புது பௌசர் வந்திருக்குண்ணே. நாலு சீட்” என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார்.

“அகலம் எவ்வளவுங்க?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. வண்டி வந்து எட்டு மாதம். நான் அளக்கவில்லை, யாரும் அளக்கவில்லை.

“அந்த ரெண்டு கல்தூணும்?”

“நிக்குதுண்ணே.”

அவர் குனிந்து, இரண்டு மணிக்கட்டாலும் இன்னொரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார்.